ஒரே ஆய்வு, ஐந்து குழுக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த மருத்துவ ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. எனவே இந்த இதழில் வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மருத்துவர் அல்ல. குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலூரில் ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் பதினொரு ஆண்டுகளாகப் பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வில் சேர்பவர்களுக்குத் தீங்கு வராதா, விவரம் தெரிந்துதான் சேர்கிறார்களா என்று பார்த்து அனுமதி தரும் குழு அது. ‘எத்திக்ஸ் கமிட்டி’ என்றால்தான் அங்கே கேட்டில் நிற்கும் காவலருக்குக்கூடப் புரியும். மருத்துவம் படிக்காத ஒருவர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலி என்னுடையது.

*

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஐந்து மருத்துவமனைகளில் ஆய்வு செய்கிறேன். புது மருந்து எதுவும் கிடையாது. சில கேள்விகள், ஒரே ஒரு முறை ரத்தம். ஐந்து குழுக்களுக்கும் தனித்தனியே விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகிறது. மூன்று அனுமதிதான் வந்திருக்கிறது. என் படிப்பே மூன்று ஆண்டுதான். ஒரே குழு பார்த்தால் போதாதா?
— முதுநிலை மருத்துவ மாணவி, காட்பாடி

பெரும்பகுதி வேலைக்கு ஒரே குழு போதும், மகளே. இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களிலேயே இதற்கு வழி இருக்கிறது. பல மையங்களில் நடக்கும் ஆய்வுக்குக் குழுக்கள் தங்களுக்குள் பேசி ஒரு குழுவை முதன்மைக் குழுவாக வைத்துக்கொள்ளலாம். அதன் முடிவை மற்ற குழுக்கள் ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் ஆய்வைப் போல ஆபத்து மிகக் குறைவான ஆய்வுகளுக்கு இது மிகவும் பொருந்தும் என்றும் அதில் இருக்கிறது. நேரம் மிச்சமாகும், ஒரே வேலையை ஐந்து பேர் செய்வது நிற்கும் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். வழி திறந்தே இருக்கிறது. அதில் நடந்து போக குழுக்கள் தயங்குகின்றன.

ஏன் தயங்குகின்றன என்று உள்ளே இருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். ‘நாளை ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது?’ என்ற பயம் ஒன்று. ‘எங்கள் நோயாளிகளைப் பற்றி வெளியூர்க் குழுவுக்கு என்ன தெரியும்?’ என்ற எண்ணம் இன்னொன்று. முதலாவது பயத்தைக் குழுக்களுக்கு இடையே ஓர் எழுத்து ஒப்பந்தம் தீர்த்துவிடும். யார் எதைப் பார்ப்பது, யார் எதற்குப் பொறுப்பு என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து மையங்களில் நடக்கவிருந்த ஓர் ஆய்வு எங்கள் குழுவுக்கு நான்காவதாக வந்தது. முதல் குழு, பதினெட்டு வயது நிறைந்தவர்களைத்தான் சேர்க்க வேண்டும் என்று திருத்தியிருந்தது. இரண்டாவது குழு அதை இருபத்தொன்று ஆக்கியிருந்தது. மூன்றாவது குழு படிவம் நீளம் என்று ஒரு பக்கத்தைக் குறைக்கச் சொன்னது. நாங்கள் ஒரு பத்தியைக் கூட்டச் சொன்னோம். ஐந்தாவது குழு, நாங்கள் கூட்டியதை எடுக்கச் சொன்னது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த இளம் மருத்துவர் மற்ற நான்கு இடங்களுக்கும் மறுபடி கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் ஐந்து மருத்துவமனைகளில் ஐந்து விதமான படிவங்கள். ஒரே ஆய்வு என்று பெயர், ஆனால் ஒரு மையத்தில் சேரக்கூடிய பெண் அடுத்த மையத்தில் சேர முடியாது. அப்படிச் சேர்ந்த கணக்கை எப்படி ஒன்றாகக் கூட்டுவது?

எல்லாம் முடிந்து ஆய்வு தொடங்கிய பிறகு ஒரு நோயாளியின் கணவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இரவில் மனைவிக்கு மயக்கம் வந்ததாம். படிவத்தில் ‘அவசரத்துக்கு அழைக்கவும்’ என்று அச்சிட்டிருந்த எண்ணை அழைத்தாராம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். விசாரித்துப் பார்த்தால் அது வேறு ஊரில் ஓர் அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசி. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐந்து குழுக்கள், ஏறக்குறைய ஐம்பது உறுப்பினர்கள் அந்தப் படிவத்தைப் பார்த்திருக்கிறோம். வயதைப் பற்றி வாதாடினோம், பத்தியைப் பற்றி வாதாடினோம். அந்த எண்ணை யாரும் அழைத்துப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். நானும்தான். பல கண்கள் பார்த்தால் பத்திரம் என்ற நம்பிக்கை அன்றைக்கு என்னிடமிருந்து போய்விட்டது.

அதனால் என் தீர்மானம் இது: ஆய்வின் அறிவியலை ஓர் இடத்தில், ஒரு முறை, ஆழமாகப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் தேவை, எந்த வயது, எவ்வளவு ரத்தம், என்ன ஆபத்து, அதைக் கண்காணிப்பது யார் என்பதெல்லாம் வேலூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் மாறப்போவதில்லை. ஆனால் படிவத்தின் மொழி, போய்வரும் செலவு, இரவில் எடுக்கப்படும் தொலைபேசி, அந்த மருத்துவமனையில் அதைச் செய்யக்கூடிய ஆள் பலம் ஆகியவற்றை அந்தந்த ஊர்க் குழுதான் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு வாரம் போதும் என்பது என் கணக்கு. அதே 2017 வழிகாட்டுதல்களும் இந்த உரிமையை உள்ளூர்க் குழுக்களிடமே விட்டிருக்கின்றன. முதன்மைக் குழு முடிவு செய்த பிறகும், உள்ளூர்த் தேவைக்கேற்ப ஒப்புதல் படிவத்தையும் மொழிபெயர்ப்பையும் மாற்றச் சொல்லலாம், ஆய்வைக் கண்காணிக்கலாம்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: மீதி இரண்டு குழுக்களின் செயலாளர்களுக்கும், முதலில் அனுமதி தந்த குழுவின் கூட்டக் குறிப்பையும் அது எழுப்பிய கேள்விகளுக்கு நீங்கள் எழுதிய பதிலையும் இணைத்து, அதை முதன்மைக் குழுவாக ஏற்று உள்ளூர் விஷயங்களை மட்டும் பார்க்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். ஆராய்ச்சி கவுன்சிலே வெளியிட்டிருக்கும் பொது விண்ணப்பப் படிவங்களைப் பயன்படுத்துங்கள். ஐந்து இடத்துக்கு ஐந்து விதமாக எழுதும் வேலையாவது மிச்சமாகும். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடட்டும். மாணவியின் கடிதம் மேசையில் காத்திருக்கும்; பேராசிரியரின் கடிதம் அடுத்த கூட்டத்துக்கு வந்துவிடும். அப்படி இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வுக்கு இந்த வழி பொருந்தாது. அதற்கு 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் தனியாக இருக்கின்றன. ஒவ்வொரு மையத்திலும் அந்த மையத்துக்குரிய குழுவின் அனுமதி இருந்தால்தான் அங்கே தொடங்கலாம்.

*

இவ்வளவு தொல்லை எதற்கு? ஒரே மருத்துவமனையில் ஆய்வை நடத்திவிட்டுப் போகலாமே?
— சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர்

கொரோனாவின் முதல் ஆண்டை நினைத்துப் பாருங்கள். குணமானவரின் பிளாஸ்மாவை ஏற்றினால் உயிர் பிழைக்கும் என்று ஊரெல்லாம் பேசினார்கள். பிளாஸ்மா தேடி அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். அது உண்மையில் பயன் தருகிறதா என்று ஆராய்ச்சி கவுன்சில் 2020 ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தியது. 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். ஒரு மருத்துவமனைக்குச் சராசரியாக 12 பேர்தான் வருகிறது. 12 பேரை வைத்து எந்த மருத்துவமனையும் எதையும் சொல்லியிருக்க முடியாது. 39-உம் சேர்ந்ததால்தான், நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்று சில மாதங்களிலேயே தெரிந்தது.

நம் ஊரோடு ஒட்டிய உதாரணமும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கு எதிராக இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. சேர்ந்த குழந்தைகள் 6,799. முடிவு 2014-இல் வெளியானது. 2016-இலிருந்து அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அந்தச் சொட்டு மருந்து சேர்ந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் பேரக்குழந்தைக்கு ரோட்டா சொட்டு விடுகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் வேலூர்த் தாய்மார்கள் பலர் தம் குழந்தைகளோடு நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் அச்சாகாது. அவர்களிடம் என்ன சொல்லிச் சேர்த்தார்கள், அது அவர்களுக்குப் புரிந்ததா என்று பார்ப்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை.

*

என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ‘ஆராய்ச்சி’ என்று ஆறு பக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வரியும் விளங்கவில்லை. இனி ஏதோ ஒரு குழு எங்கோ உட்கார்ந்து எல்லா ஊருக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?
— ஒரு வாசகி, குடியாத்தம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த இதழில் நான் மிகவும் பதில் எழுத விரும்பியது உங்களுக்குத்தான்.

முதலில் சட்டம். படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ள உங்களுக்கு நேரம் தர வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன் என்று நீங்கள் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து, எல்லாம் விளக்கப்பட்டது என்று கையெழுத்திட வேண்டும். வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் அம்மாவின் வைத்தியம் ஒரு துளியும் குறையக் கூடாது. படிவத்தின் ஒரு நகல் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அதில் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதை அழைத்து, ‘எனக்குப் புரியவில்லை, யாராவது உட்கார்ந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இனி மொழி. எங்களுக்கு வரும் தமிழ்ப் படிவங்களில் பாதி, ஆங்கிலத்தில் எழுதி வேறெங்கோ மொழிபெயர்த்து வருபவை. ‘தாங்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களுள் ஒன்றில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்’ என்று ஒரு வரி. தமிழாசிரியையான நானே நின்று படிக்க வேண்டியிருந்தது. இருந்தும், பொருள் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒருமுறை அனுமதித்துவிட்டேன். பல மாதம் கழித்து பேரணாம்பட்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், பீடி சுற்றுபவர், தான் ஒரு மருந்து ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொன்னார். ‘டாக்டர் என் உடம்பைப் பார்த்து, எனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்’ என்றார். எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார் தெரியுமா? அது எங்கள் குழு அனுமதித்த ஆய்வு. எந்த மருந்து என்பதை எந்த டாக்டரும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாமல் போனதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அன்றிலிருந்து அந்த வரியை இப்படி மாற்றச் சொல்கிறேன்: ‘உங்களுக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார். கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும். எது வந்தது என்று டாக்டருக்கும் தெரியாமல் இருக்கலாம்.’ பத்து மில்லி ரத்தம் என்பதை இரண்டு தேக்கரண்டி அளவு என்று எழுதச் சொல்கிறேன். ‘மருந்துப்போலி’ என்ற சொல் நல்ல சொல்தான். ஆனால் ‘மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது’ என்று அடுத்த வரியில் எழுதினால்தான் போய்ச் சேரும்.

தமிழோடும் இது முடிவதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வீட்டில் உருது பேசும் பெண்கள் எவ்வளவு பேர்! ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமங்களில் தெலுங்கு. டெல்லியிலோ சென்னையிலோ உட்காரும் முதன்மைக் குழு, ‘வேலூர் மையம், தமிழ்’ என்று படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் எழுதிவிட்டுப் போகும். அந்தக் குழுவின் மேல் தவறு இல்லை, அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: அறிவியலை எங்கே வேண்டுமானாலும் பார்க்கட்டும், உங்கள் அம்மாவின் கைக்கு வரும் ஆறு பக்கத்தை நம் ஊரில் ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

*

ஆம்பூரில் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். எங்களுக்கென்று குழு இல்லை. ஒரு புது மருந்துப் பரிசோதனையில் சேர அழைக்கிறார்கள். வேலூர்க் குழு ஒன்றின் அனுமதி போதுமா?
— ஒரு மருத்துவர், ஆம்பூர்

2019 விதிகளின்படி, சொந்தக் குழு இல்லாத மையம் அதே பரிசோதனையின் வேறொரு மையத்தின் குழுவிடமோ தனித்து இயங்கும் குழுவிடமோ அனுமதி பெறலாம். ஆனால் அந்தக் குழு அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்க வேண்டும். உங்கள் மையத்தில் நடப்பதற்கும் அந்தக் குழுவே பொறுப்பு. வேலூரை நடுவில் வைத்து வட்டம் போட்டால் ஆம்பூர் அதற்குள் வந்துவிடும். வாணியம்பாடியும் திருப்பத்தூரும் வராது. ஆரணி வரும், திருவண்ணாமலை வராது. ஆந்திராவிலுள்ள சித்தூர்கூட வரும்.

தூரத்துக்கு ஒரு எல்லை வைத்ததன் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. பொறுப்பேற்கும் குழு நேரில் வந்து பார்க்கும் தொலைவில் இருக்க வேண்டும். பரிசோதனையில் இருப்பவருக்குக் கடுமையான பாதிப்பு ஏதாவது நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கும் மருந்து நிறுவனத்துக்கும் நீங்கள் தெரிவிக்க வேண்டும். அனுமதி தரும் குழுவிடம் நீங்களாகவே கேளுங்கள்: ‘ஆண்டுக்கு எத்தனை முறை என் மருத்துவமனைக்கு வருவீர்கள்?’ பதில் தெளிவாக வராவிட்டால் வேறு குழுவைத் தேடுங்கள். இன்னொன்று: உங்கள் ஊர்ப் பெண்கள் பலர் ஷூ தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியையும் பஸ் செலவையும் திட்டத்திலேயே எழுதுங்கள்.

*

ஜவ்வாது மலையில் ஆசிரியராக இருக்கிறேன். ஓர் ஆய்வுக் குழுவினர் வந்தார்கள். பல மாவட்டங்களில் நடக்கும் ஆய்வாம், மேலே அனுமதி ஆகிவிட்டதாம். ஊர்ப் பெரியவர் சம்மதித்துவிட்டார், நீங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். போடலாமா?
— ஓர் ஆசிரியர், ஜவ்வாது மலை

போடாதீர்கள். ஆசிரியராக இருந்தவள் என்ற உரிமையில் கெஞ்சிக் கேட்கிறேன், போடாதீர்கள்.

2009-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. இரண்டு மாநிலம், பல பள்ளிகள், ‘மேலே அனுமதி ஆகிவிட்டது.’ சேர்க்கப்பட்ட சிறுமிகளில் பழங்குடிப் பிள்ளைகள் பலர், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையைப் படித்தபோது என் கை நடுங்கியது. ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோர் அல்ல. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தத் தடுப்பூசியை நான் என் பேத்திக்குப் போட்டிருக்கிறேன், என் மகள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகு. ஒரு தாயிடம் கேட்க வேண்டியதை வார்டனிடம் கேட்டுவிட்டார்கள் என்பதுதான் குற்றம். நம்மைப் போன்ற ஆசிரியர்களும் வார்டன்களும் மேலதிகாரி சொன்னால் கையெழுத்திடப் பழகியவர்கள். நானும் பழகியிருந்தேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

ஊர்ப் பெரியவரிடம் கேட்பது மரியாதை. மலையில் அது இல்லாமல் எவரும் காலெடுத்து வைக்கவும் கூடாது. ஆனால் அவர் சம்மதம் ஊருக்குள் வர மட்டும்தான். ஒவ்வொரு வீட்டிலும் தாயிடமோ தகப்பனிடமோ தனியாகக் கேட்க வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையிடமும் அதற்குப் புரிகிற விதத்தில் கேட்க வேண்டும். ஆராய்ச்சி கவுன்சிலின் வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன.

ஒற்றைக் குழு முறையைச் சட்டமாகவே ஆக்கிய நாடு அமெரிக்கா. அங்கே அரசுப் பணத்தில் பல மையங்களில் நடக்கும் ஆய்வுகளை 2020 ஜனவரி 20 முதல் ஒரே குழுதான் பார்க்க வேண்டும். அந்த விதியிலும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: பழங்குடி மக்களின் சட்டம் தனிப் பரிசீலனை வேண்டும் என்றால் ஒற்றைக் குழு போதாது. ஆய்வுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். உங்களிடம் காட்டிய அனுமதிக் கடிதத்தில் எந்தக் குழு, எந்தத் தேதி, எந்த ஊர்களுக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். மலையின் பெயர் அதில் இல்லையென்றால் அனுமதி மலைக்கு வரவில்லை என்றே பொருள்.

*

ஒரே குழு முடிவு செய்தால், மருந்துக் கம்பெனிக்காரன் அந்த ஒரு குழுவைக் கையில் போட்டுக்கொண்டால் போதுமே?
— ஒரு வாசகர், ஆரணி

நியாயமான பயம். இப்போதும் ஒரு குழு மறுத்தால் சத்தமில்லாமல் வேறு குழுவிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மையத்தில் மறுத்தால் அதன் காரணத்தை மற்ற குழுக்களுக்கும் தெரிவித்துப் பேச வேண்டும் என்று வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அதைக் கண்டிப்பாக்க வேண்டும். முதன்மைக் குழுவின் கூட்டக் குறிப்பு எல்லா மையங்களுக்கும் போக வேண்டும். எடுத்த முடிவு மட்டும் போனால் போதாது. குழுவில் பாதிப் பேராவது அந்தக் குழு இயங்கும் மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்று மருந்துப் பரிசோதனைக் குழுக்களுக்கு விதி இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனையில் இது நடக்கிறதா என்று கேளுங்கள்.

*

ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியன் நான். குழுவில் சேர என்ன படித்திருக்க வேண்டும்?
— ஒரு வாசகர், திருப்பத்தூர்

மருத்துவம் படிக்காமல் இருக்க வேண்டும், ஐயா. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டு வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவருக்கு எந்தத் தெருவில் என்ன மொழி, எந்த வீட்டில் யார் படிப்பார்கள், யார் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்பதெல்லாம் தெரியும். அந்த அறிவு டாக்டர்களிடம் இல்லை.

மருந்துப் பரிசோதனைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் பொதுமக்களில் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர், சமூகவியலாளர் அல்லது தொண்டு நிறுவனத்தவர் போன்ற ஒருவர் கட்டாயம். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பொதுமக்கள் பிரதிநிதி வராவிட்டால் அந்தக் கூட்டம் செல்லாது. அவ்வளவு கனமான நாற்காலி அது. உங்கள் மாவட்டத்திலுள்ள மருத்துவமனைக் குழுக்களின் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பயிற்சி கொடுப்பார்கள்.

சேர்ந்த பிறகு முதல் கூட்டத்தில் நூறு பக்கக் கட்டு ஒன்றைத் தருவார்கள். கடைசியில் இருக்கும் தமிழ்ப் படிவத்தை முதலில் எடுங்கள். வீட்டில் யாரையாவது எதிரில் உட்கார வைத்து உரக்கப் படியுங்கள். அவர்கள் முகம் எங்கே சுருங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு, அதில் இருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்துப் பாருங்கள். யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று தேதியோடு குறித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.